ஏழு ஆறும் ஒரு மலையும்

மதினிக்கு எம்.ஏ. வரலாற்றில் ஒரே ஒரு தாள் பாக்கி இருந்தது. நவீன ஐரோப்பா. மற்ற தாள்களையெல்லாம் அஞ்சல் வழியில் படித்து, மதுரைக்குப் பஸ் ஏறிப் போய் எழுதி, முதல் தடவையிலேயே தேறிவிட்டார். ஐரோப்பா மட்டும் இரண்டு தடவை கைவிட்டது.

மூன்றாவது தடவைக்கு ஒரு நிபந்தனை வந்து சேர்ந்தது. என் அண்ணன் குமுளிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். தோட்டத்திலேயே வீடு கொடுத்திருந்தார்கள். சனிக்கிழமை ஜீப்பில் கம்பத்திலுள்ள எங்கள் வீட்டுக்கு இறங்கினால் திங்கட்கிழமை காலையில் ஏறிவிடுவான். கல்யாணமாகியும் இருவரும் ஆளுக்கொரு பக்கம் இருப்பது அம்மாவுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. இன்னொரு பக்கம், மதினி முன்பு ஒரு டீச்சரின் பிரசவ விடுப்பில் வேலை பார்த்த பெண்கள் பள்ளி மேல்நிலைப் பள்ளி ஆகியிருந்தது. எம்.ஏ. முடித்துவிட்டு வந்தால் வரலாற்றுக்கு எடுத்துக்கொள்வதாகத் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். அம்மா இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு முடிவைச் சொன்னார்.

"இந்தத் தடவை எழுது, நான் குறுக்க நிக்கல. பாஸானா இங்கன இருந்து வேலைக்குப் போ. ஆகலேன்னா பெட்டியக் கட்டிக்கிட்டு மேல போயி அவன்கூட இரு. நாலாந்தடவைன்னு ஒண்ணு கெடையாது."

"சரி அத்தை" என்றார் மதினி. குச்சனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம் அவருடையது. அதிகம் பேசமாட்டார். ஒத்துக்கொண்டதை மாற்றவும் மாட்டார்.

நான் அப்போது பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்து, பாசனப் பிரிவு அலுவலகம் ஒன்றில் வரைவாளராகச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வாய்க்கால், மதகு, மடை, கரை என்று நாள் முழுக்க வரைவேன். எதையும் பட்டியல் போட்டுப் பார்க்காமல் எனக்குப் பிடிபடாது. மதினியின் பழைய வினாத்தாள்களை வாங்கி, எந்தக் கேள்வியில் என்ன எழுதினார் என்று அவரிடமே கேட்டுக் குறித்துக்கொண்டேன். கட்டுரைகளில் குறை எதுவும் தெரியவில்லை. கட்டாயக் கேள்வியான வரைபடம்தான் அவரை விழுத்தாட்டியிருந்தது. முதல் தடவை அதை வெற்றாகவே விட்டுவிட்டு வந்திருந்தார். இரண்டாவது தடவை வரைந்ததை எனக்காக மறுபடி போட்டுக் காட்டினார். ஜெர்மனி ஒரு கத்திரிக்காய் போல இருந்தது.

"எழுதச் சொன்னா எத்தனை பக்கம்னாலும் எழுதுவேன் தாயி. படம் எனக்கு வராது."

"வரும் மதினி. எங்க ஆபீசுக்கு வர்ற பாதிப் பேருக்கு மொதல்ல வராதுதான்."

உத்தமபாளையத்துக் கல்லூரி நூலகத்திலிருந்து தெரிந்தவர் மூலம் ஒரு வரலாற்று அட்லஸை எடுத்து வந்தேன். நெப்போலியன் காலத்து ஜெர்மனியைத் திறந்து பார்த்ததும் எனக்கே தலை சுற்றியது. உள்ளங்கை அகலத்தில் அத்தனை அரசுகள். நடுவில் பச்சை நிறத்தில் ஒன்று மட்டும் கொஞ்சம் பெரிதாக இருந்தது. வெஸ்ட்ஃபாலியா இராச்சியம். மதினியின் பாடப் புத்தகத்தில் அதற்கு அரை வாக்கியம்தான் இருந்தது. பேரரசர் தன் தம்பியை அங்கே அரசனாக்கினார் என்று சொல்லிவிட்டு, புத்தகம் ஸ்பெயினுக்குப் போய்விட்டது.

"எப்ப வந்துச்சு இது?"

"ஆயிரத்து எண்ணூத்தி ஏழு."

"எப்பப் போச்சு?"

"பதிமூணு."

"எங்க ஆபீஸ்ல ஒரு மதகு எஸ்டிமேட் மேல போயிட்டுக் கீழ வர்றதுக்குள்ள ஒரு ராஜ்யமே வந்துட்டுப் போயிருச்சே மதினி."

அவர் சிரித்தார். அந்தத் தாளைப் பற்றிப் பேசும்போது அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எனக்கு அந்த இராச்சியத்தின் மேல் ஈடுபாடு வந்ததற்குக் காரணம் அதன் மாவட்டங்கள். பழைய மன்னர்களின் துண்டு துண்டான நிலங்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, பிரெஞ்சு முறைப்படி எட்டு மாவட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். எந்தப் பிரபுவின் பெயரும், எந்தக் கோட்டையின் பெயரும் வைக்கவில்லை. ஏழு மாவட்டங்களுக்கு ஆறுகளின் பெயர். ஃபுல்டா, வெர்ரா, வேசர், லைனே, ஓக்கர், ஸாலே, எல்பே. எட்டாவதற்கு மலையின் பெயர், ஹார்ஸ். பாசன அலுவலகத்துக்காரிக்கு இதைவிட நியாயமான பிரிவினை தோன்றாது. யாருடைய தாத்தா எங்கே வாள் சுழற்றினார் என்று பார்க்காமல், தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துப் பெயர் வைத்த அரசு.

அதனால் எங்கள் அலுவலக முறையிலேயே மதினிக்குச் சொல்லிக்கொடுத்தேன். முதலில் தண்ணீரைப் போடு. அப்புறம் மேடு. ஊர் அதற்குப் பிறகு. எல்லைக்கோடு கடைசியில். தையல் மிஷின் மேசையில் என் வரைபலகையை வைத்து, ஞாயிறு மதியங்களில் உட்காருவோம். ஜெர்மனியை மனதில் நிறுத்த ஒரு வழியும் கண்டுபிடித்தோம். வேசர் தெற்கே மலையில் பிறந்து வடக்கே ஓடுகிறது, நம் முல்லையாறு மாதிரியே. அப்படியானால் தலைநகரான காசெல் நம் கூடலூர். பல்கலைக்கழகம் உள்ள கோட்டிங்கன், கல்லூரி உள்ள உத்தமபாளையம். பிரவுன்ஷ்வைக் தேனி. கிழக்கே எல்பே ஆற்றங்கரைக் கோட்டையான மாக்டபர்க், வைகைக்கு அந்தப் பக்கம் ஆண்டிபட்டி. மதினி இரண்டே வாரத்தில் கண்ணை மூடிக்கொண்டு வரைகிற அளவுக்கு வந்துவிட்டார்.

ஒன்றே ஒன்றுதான் நிற்கவில்லை. ஹார்ஸ் மலை வேசருக்குக் கிழக்கே இருக்கிறது. மதினி ஒவ்வொரு தடவையும் அதை மேற்கே போட்டார். எங்கள் பள்ளத்தாக்கில் கிழக்கேயும் மலை உண்டு. ஆனால் ஜீப் ஏறுவது மேற்கே. ஆள் வேலைக்குப் போவது, மழை வருவது, வெயில் சாய்வது எல்லாம் மேற்கு மலையில்தான். ஹார்ஸில் வெள்ளிச் சுரங்கங்கள் இருந்தன, ஊரே அங்கே பிழைப்புக்குப் போனது என்று புத்தகத்தில் படித்த பிறகு அவர் கைக்கு வேறு பக்கமே தெரியவில்லை. திருத்தித் திருத்திச் சொன்னேன். வாய் "கிழக்கு" என்று சொல்லும்போதே பென்சில் இடது பக்கம் போய்விடும்.

திருத்துவதற்கும் எங்கள் அலுவலகத்தில் ஒரு முறை உண்டு. பழைய கோட்டைச் சுரண்டி அழிக்கக் கூடாது. அதன்மேல் சின்னச் சின்னக் குறுக்குக் கோடுகள் போட்டு அடித்துவிட்டு, புதியதை வரைந்து, பக்கத்தில் இனிஷியல் போட வேண்டும். யார் மாற்றினார்கள் என்று நாளைக்கு யாரும் கேட்டால் பதில் அந்த இடத்திலேயே இருக்க வேண்டும். நான் பலகையில் அப்படிச் செய்வதைப் பார்த்து மதினியும் தன் படங்களில் அப்படியே செய்ய ஆரம்பித்தார். நான் சொல்லி அவர் செய்ததில்லை. இரப்பரால் தேய்த்து ஓட்டை போடுவதைவிட இது மரியாதையாக இருக்கிறது என்றார்.

வீட்டில் மற்றவர்களும் மெதுவாக அந்த இராச்சியத்துக்குள் வந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்தபடி விசாரித்தான்.

"அந்த ராசாவுக்கு என்ன வயசு?"

"அரசரானப்ப இருபத்திமூணுகூட முடியல" என்றார் மதினி.

"என்னையவிடச் சின்னப்பய. அண்ணன்காரன் புடிச்சுக் குடுத்திருக்கான். எனக்கும் ஒரு அண்ணன் இருந்திருந்தா நான் எதுக்கு அங்கன அட்டைக்கடியில கெடக்கேன்?"

"அவருக்கு அந்த ஊர்ப் பாஷையே வராதாம். சனங்க கேலி பண்ணிருக்காக."

"நான் போன புதுசுல எனக்கும்தான் மலையாளம் வரல."

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிராமலே சொன்னார். "இப்ப மட்டும் வருதாக்கும். எந்தாங்கிறதுக்கு மேல ஒரு வார்த்தை பேசு பாப்போம்."

மதினி விட்ட இடத்திலிருந்து சொல்லிக்கொண்டு போனார். அந்த நாட்டுக்கு எழுதி வைத்த அரசியலமைப்பு ஒன்று இருந்தது. ஜெர்மன் மண்ணில் அப்படி எழுதியது அதற்கு முன்பு கிடையாது. பண்ணை அடிமைமுறை ஒழிந்தது. யூதர்களுக்கு மற்றவர்களுக்குள்ள உரிமை கிடைத்தது. யாரும் எந்தத் தொழிலும் செய்யலாம் என்றார்கள். கல்யாணத்தை அரசாங்கத்தில் பதிவு செய்யச் சொன்னார்கள். அதே சமயம் வரி ஏறியது. நல்ல நிலங்களைப் பேரரசர் தன் தளபதிகளுக்குக் கொடுத்தார். சட்டமன்றம் கூடியது மொத்தமே இரண்டு தடவை. ரஷ்யாவுக்குப் படையெடுத்தபோது ஊர் ஊராகப் பையன்களைப் பிடித்துப் போனார்கள். திரும்பி வந்தவர்கள் மிகவும் கொஞ்சம்.

நான் இதையெல்லாம் ஒரு தாளில் நன்மை, தீமை என்று இரண்டு பத்தியாகப் பிரித்து அவருக்குக் கொடுத்திருந்தேன். தேர்வுக்கு எளிது என்று நினைத்தேன். மதினி அதைப் படித்துவிட்டுத் திருப்பித் தந்துவிட்டார்.

"ரெண்டு பத்தியும் ஒரே ஆளுக்குத்தானே நடந்துச்சு. இந்தப் பக்கம் அடிமை இல்லைன்னு ஆன விவசாயி வீட்டுப் பையன்தானே அந்தப் பக்கம் பனியில செத்தது. பிரிச்சு எழுதுனா வேற வேற ஆளு மாதிரி ஆகிப்போகுது."

அந்தத் தாளை இரண்டாக மடித்து அட்லஸுக்குள் வைத்தேன். ஆனால் வேறொன்றும் அப்போதுதான் உறைத்தது. குறுகிய கால அரசு என்று நாம் பின்னாலிருந்து பார்த்துச் சொல்கிறோம். அது வந்தபோது பன்னிரண்டு வயதாக இருந்த ஒரு பெண்ணுக்கு, அது போனபோது பதினெட்டு. பெரியவளானது, பள்ளியை விட்டது, ஒருவேளை கல்யாணமானதும்கூட, எல்லாம் அதற்குள்தான். அவளிடம் போய் அது குறுகிய காலம் என்று யாரால் சொல்ல முடியும்?

அம்மா கீரைக் காம்புகளை ஒதுக்கிவிட்டுக் கேட்டார். "அந்த ராசா ஓடிப்போனதுக்கு அப்புறம், அவரு சட்டத்துல கல்யாணம் பண்ணுனவுக என்ன ஆனாக? செல்லும்னாகளா, செல்லாதுன்னாகளா?"

மதினி புத்தகத்தைப் புரட்டினார். "இதுல இல்ல அத்தை."

"அத விட்டுட்டு மத்ததெல்லாம் வெவரமா எழுதிருக்காகளாக்கும்."

அப்பா செய்தித்தாளை இறக்கினார். "நெலம் வாங்குனவுக?" என்றார்.

அது புத்தகத்தில் இருந்தது. காசெல் பக்கத்துப் பழைய மன்னர் திரும்பி வந்ததும், இடையில் எதுவுமே நடக்கவில்லை என்று முடிவு கட்டினார். படைவீரர்கள் எல்லோரும் பழைய பதவிக்குத் திரும்ப வேண்டும். அந்தக் காலத்து மோஸ்தர்ப்படி பின்னல் குடுமிகூட மறுபடி வைத்துக்கொள்ள வேண்டும். வெஸ்ட்ஃபாலியா அரசு விற்ற அரண்மனை நிலங்களை வாங்கியவர்களிடம் பத்திரம் இருந்தது. அந்தப் பத்திரம் செல்லாது என்று நிலத்தைப் பிடுங்கிக்கொண்டார். மற்றப் பகுதிகளில் வந்த அரசுகள் எல்லாம் அவரைப்போல அவ்வளவு கறாராக இல்லை. சில சட்டங்களை அப்படியே விட்டுவைத்தார்கள்.

அப்பாவுக்கு மலையில் கொஞ்சம் ஏலக்காய் நிலம் இருந்தது. அவர் யோசித்துக்கொண்டே சொன்னார். "என்கிட்ட இருக்கது திருவிதாங்கூர்-கொச்சி காலத்துப் பட்டா. அந்தப் பேருல இன்னிக்கு ஒரு ராஜ்யம் கெடையாது."

"செல்லுதுல்ல மாமா?"

"செல்லுது. பின்னால வந்தவுக முன்னால இருந்தவுக எழுதுனத மதிச்சாக. அதனால செல்லுது. இல்லேன்னா நானும் பின்னல் போட்டுக்கிட்டு நிக்க வேண்டியதுதான்."

அப்பாவின் வழுக்கையைப் பார்த்து அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அம்மா முறைத்ததும் அடங்கினான்.

தேர்வுக்கு மதுரைக்கு நானும் கூடப் போனேன். அலுவலகத்தில் லீவு சொல்லியிருந்தேன். தேர்வு நடந்த கல்லூரியின் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, வந்திருக்கக்கூடிய கேள்விகளை மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். மணி அடித்து மதினி வெளியே வந்தபோது அவர் முகமே சொல்லிவிட்டது. நெப்போலியன் காலத்து ஜெர்மனியே வரைபடமாக வந்திருக்கிறது.

பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகு கேட்டேன். "ஹார்ஸ்?"

"பாழாப்போன கை மொதல்ல இடது பக்கந்தான் போச்சு. பேனாவுல வேற போட்டுட்டேன். போட்டதும் தெரிஞ்சிருச்சு. ஒன்னைய மாதிரியே குறுக்குக்கோடு போட்டு அடிச்சுட்டு, கெழக்க புதுசா வரைஞ்சு, பக்கத்துல இனிஷியலும் போட்டுட்டேன்."

"இனிஷியலா?"

"திருத்துனா போடணும்ல."

பஸ் நாகமலையைத் தாண்டியது. மதினி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். உசிலம்பட்டியில் ஆட்கள் இறங்கி ஏறும்போதுதான் மறுபடி பேசினார்.

"பேரோ, கையெழுத்தோ, வேற எந்த அடையாளமோ இருக்கக் கூடாது, நம்பர் மட்டும்தான்னு விடைத்தாள் மேலயே போட்டிருந்துச்சு. அதைப் படிச்சுட்டுத்தான் எழுத ஆரம்பிச்சேன்."

"கவனிக்காமலும் இருக்கலாம் மதினி. கவனிச்சாலும் கண்டுக்காம விடலாம். இல்லேன்னா படத்துக்கு மட்டும் மார்க்கக் குறைக்கலாம்…"

"பட்டியல் போடாத தாயி" என்றார். கோபமாக இல்லை.

வீட்டுக்குள் நுழைந்து கால்கூடக் கழுவாமல் அம்மாவிடம் நடந்ததை அப்படியே சொன்னார். எனக்கு அது தேவையில்லாததாகத் தோன்றியது. முடிவு வரட்டுமே என்று நினைத்தேன். அம்மா முழுவதையும் கேட்டார்.

"இனிஷியல் போட்டது தப்பா?"

"அங்கன போட்டாத் தப்பு அத்தை. இவ ஆபீஸ்ல போடலேன்னா தப்பு."

"என்ன சட்டமோ" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போனார். நிபந்தனையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அதனாலேயே அது அப்படியே நிற்கிறது என்று எல்லோருக்கும் புரிந்தது.

செய்தித்தாளில் தேறியவர்களின் எண்கள் வந்தன. மதினியின் எண் இல்லை. அன்று மாலையே அவர் டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்தார். யாரும் சொல்லவில்லை. சேலைகளை மடித்து வைத்தார், மலைக் குளிருக்கு இரண்டு கம்பளியும். புத்தகங்களை என் அலமாரிக்கு மாற்றினார். சனிக்கிழமை அண்ணன் வந்தான். பெட்டியைப் பார்த்தான். அவனுக்கு அதில் சந்தோஷம் இருந்திருக்க வேண்டும். காட்டாமல் இருக்க அவன் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை கிளம்புவதாக இருந்தது. சனிக்கிழமைத் தபாலிலேயே பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. முடிவு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. விடைத்தாளில் அடையாளம் இட்டதற்கு விளக்கம் தர வேண்டும்.

நான் அன்றே விளக்கத்தை எழுத உட்கார்ந்தேன். அலுவலக நடைமுறை, வரைபடத் திருத்த விதி, வேண்டுமென்றே செய்யவில்லை என்பதற்கான காரணங்கள், எண் போட்டு ஒன்றன் கீழ் ஒன்றாக. மதினி படித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தானே வேறொன்று எழுதினார். வரைந்த தவறைத் திருத்திவிட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம் இடுவது எங்கள் வீட்டுப் பழக்கம், பழக்கத்தில் செய்துவிட்டேன், யாரிடமும் என்னைக் காட்டிக்கொள்ளும் எண்ணம் இல்லை. அவ்வளவுதான் இருந்தது.

பதில் வரும்வரை இருக்கட்டும் என்று அம்மா சொன்னார். பெட்டி கட்டியபடியே கிடந்தது. மதினி அதிலிருந்து தினம் ஒரு சேலையாக எடுத்து உடுத்திக்கொண்டு, துவைத்து மறுபடி அதற்குள்ளேயே வைத்தார்.

பதில் வந்தபோது அண்ணனும் வீட்டில் இருந்தான். நான்தான் படித்தேன். அந்தத் தாள் ரத்து செய்யப்படுகிறது. வேறு தண்டனை இல்லை. அடுத்த தேர்வில் எழுதலாம்.

அடுத்த தேர்வு என்றால் அது நான்காவது. மதினி கையை நீட்டிக் கடிதத்தை வாங்கி மடித்தார். "நாளைக்கே கெளம்பிருவோம்ங்க" என்று அண்ணனிடம் சொன்னார்.

அம்மா என்னைக் கேட்டார். "ரத்துன்னா? ஃபெயிலா?"

"ஃபெயில் இல்லம்மா. மார்க்கே போடல. அந்தப் பேப்பரே இல்லேன்னு அர்த்தம்."

"எழுதுனதே இல்லேங்கிறாகளா?"

"ஆமா."

அம்மா மகனையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார். "அவுகளே அப்பிடி ஒரு பரீட்சை நடக்கலைன்னு சொல்லும்போது நான் மட்டும் அத எப்பிடி ஒரு தடவைன்னு எண்ணுறது? மூணாந்தடவை இன்னும் எழுதல இவ. அந்தப் பெட்டியப் பிரி."

மதினி நின்ற இடத்திலேயே நின்றார்.

"ஏம்மா, அப்ப நான்?" என்றான் அண்ணன்.

"நீ என்ன, அட்டையோட பழகிட்டல்ல. இன்னும் ஆறு மாசம் பழகு."

இடையில் நடந்தது நடக்கவில்லை என்று ஒரு கோடு கிழிப்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்று அந்தப் பழைய மன்னரை வைத்து நாங்கள் வாரக்கணக்காகப் பேசியிருக்கிறோம். அதே கோட்டை எடுத்து அம்மா மதினிக்கு ஒரு தடவையைக் கொடுத்துவிட்டார். சொல்லின் கண்டிப்பும் குறையவில்லை. நான்காம் தடவை கிடையாது என்பது இன்றுவரை நிற்கிறது. கோடு யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம் என்று எழுதினால் அது பாதி உண்மை. அம்மாவுக்கு அன்று மகனின் முகமும் தெரிந்தது, மருமகளின் முகமும் தெரிந்தது. இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

அடுத்த தேர்வில் வரைபடத்துக்கு இத்தாலி வந்தது. மதினி ஆறுகளை முதலில் போட்டாராம். தேறிவிட்டார். மதிப்பெண் பெரிதாக இல்லை, பள்ளிக்குப் போதுமானதாக இருந்தது. அண்ணன் சனிக்கிழமைகளில் இறங்குவது தொடர்ந்தது. கோடை விடுமுறையில் மதினி மேலே போய் இருந்துவிட்டு வருவது என்று அவர்களே பேசி வைத்துக்கொண்டார்கள்.

பள்ளியில் சேர்ந்த நாள் ஒரு திங்கட்கிழமை. ஜீப் வாசலில் வந்து ஹாரன் அடித்தது. தேனிக்குப் போகிற என் பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அம்மா அடுப்படியில் மூன்று தூக்குவாளிகளை வரிசையாக வைத்துச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் முதலில் வந்த வாளிக்குக் கை நீட்டினான்.

"அது அவளுது" என்று அம்மா அவன் கையைத் தட்டிவிட்டார். "அவளுக்கு மொத நாளு. நீ நில்லு."

மதினி வாளியை வாங்கிக்கொண்டு படி இறங்கினார்.